சரசு காட்டிய வருமானம்

லாட்ஜில் பதினெட்டு அறைகளைப் பெருக்கித் துடைத்துவிட்டு அடி அண்ணாமலைக்குத் திரும்பும்போது சரசுவின் இடுப்பு அவள் பேச்சைக் கேட்காது. கிரிவலக் கூட்டம் வந்துபோன பௌர்ணமிக்கு மறுநாள் என்றால் சொல்லவே வேண்டாம். புருஷன் போய் ஆறு வருஷமாகிறது. மாதம் ஆயிரத்து ஐந்நூறு சம்பளத்தில் மகள் கீதாஞ்சலியை பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு முடியும்வரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். இனி இழுக்கத் தெம்பில்லை, படிப்பை நிறுத்திவிடலாம் என்றுதான் இருந்தாள்.

அப்போதுதான் கல்லூரியில் அருள்ராஜ் சார் ஒரு வழி சொன்னார். கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கும் ஆராய்ச்சியில் வசதியில்லாத மாணவி ஒருத்தியைச் சேர்த்துக்கொள்ளலாம்; படிப்பு முடியும்வரை மாதம் ஆயிரம் ரூபாய். கீதாஞ்சலிதான் சரியான ஆள் என்றும் சொன்னார். குடும்ப வருமானம் வருஷத்துக்கு இருபத்து நான்காயிரத்துக்குள் என்று தாலுகா ஆபீஸ் சான்றிதழ் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

விசாரிக்க வருவாய் ஆய்வாளர் வீட்டுக்கே வருகிறார் என்றதும் சரசுவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பெண் பார்க்க வருகிறவர்களுக்கே எவ்வளவு செய்கிறோம்! ஆபீசரை உடைந்த ஸ்டூலிலா உட்கார வைப்பது? பக்கத்து வீட்டு ராஜம்மாளிடம் நாலு நாற்காலி, ஒரு மேசை விசிறி, டி.வி. எல்லாம் இரவல் வாங்கி வைத்தாள். மிக்சரும் பாதுஷாவும் வேறு.

வந்தவர் பாதுஷாவைச் சாப்பிட்டார், டி.வி.யைப் பார்த்தார், முப்பத்தாறாயிரம் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

கீதாஞ்சலி திட்டவில்லை. திட்டியிருந்தால் சரசுவுக்கு மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். மாதக் கடைசி வரை இடத்தை வைத்திருக்கிறேன் என்றார் அருள்ராஜ். மூன்று திங்கட்கிழமைகள் வேலைக்குப் போகாமல், வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் மனுநாள் வரிசையில் சரசு மனுவோடு நின்றாள். கீதாஞ்சலியோ லீவில் வீட்டில் இருப்பானேன் என்று ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

கடைசி நாளுக்கு முந்தின நாள் அதே ஆய்வாளர் மறுபடி வந்தார். சரசு வீட்டைப் பெருக்கக்கூட இல்லை.

"அன்னைக்கு இருந்த டி.வி. எங்கம்மா?"

"அது பக்கத்து வீட்டுதுங்க. நீங்க வர்றீங்கன்னு வாங்கி வெச்சேன்."

"இதை அன்னைக்கே சொல்லக் கூடாதா?" அவருக்கே சங்கடமாகிவிட்டது. பழைய தொகையை அடித்துப் பதினெட்டாயிரம் என்று எழுதினார். பேனாவை மூடப்போனவர், "பொண்ணு எங்க? காலேஜ் லீவாச்சே" என்று சும்மாதான் கேட்டார்.

"அவ வீட்ல குந்தினு இருக்கிற பொண்ணு இல்லீங்க. ஜவுளிக்கடைக்குப் போறா. மாசம் எண்ணூறு ரூபா சம்பளம்."

ஆய்வாளர் அதையும் சேர்த்துக் கூட்டினார். "இருபத்தேழாயிரத்தி அறுநூறு வருதேம்மா."

"அந்த ஆராய்ச்சி வேலை கெடைச்சா அவ இதை விட்டுடுவாளுங்க."

"இது இருக்குன்னு நீங்களே சொல்லிட்டீங்களே, நான் எப்படி எழுதாம வுடறது?"

கடையிலிருந்து வந்த மகளிடம் சரசு எதையும் மறைக்கவில்லை. கீதாஞ்சலி செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"அவர்கிட்ட போய் ஏம்மா அதைச் சொன்ன?"

"எம் பொண்ணு சம்பாதிக்கிறான்னு யார்கிட்டயாவது சொல்லணும்னு ரொம்ப நாளா ஆசைடி" என்றாள் சரசு.