குதிரைக்குக் காய்ந்த தரை

1. நாலு கால்

வேலைக்குச் சேர்ந்த அன்று தோட்டத்து வெள்ளைக்காரத் தொரை என்னிடம் ரப்பரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "குதிரையைப் பற்றி உனக்கு என்ன தெரியும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"நாலு கால் இருக்கும் சார்" என்றேன். எனக்கு உண்மையிலேயே அவ்வளவுதான் தெரியும். அவர் அதை நகைச்சுவை என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தார். மலாயாவில், கோலசிலாங்கூர் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், வெளிவேலையைப் பார்த்துக் கணக்கெழுதும் வெளிக்காட்டு கிராணியாக நான் ஆனது இப்படித்தான்.

அப்போது மலாயாவில் வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டிருந்தான். காட்டில் கம்யூனிஸ்டுகள் இருக்கிறார்கள் என்று தொழிலாளர் குடியிருந்த லயங்களை எல்லாம் ஒரே இடத்துக்குப் பெயர்த்து வந்து முள்கம்பி வேலிக்குள் அடைத்திருந்தார்கள். ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்க, அதாவது மரம் வெட்டப் போகிறவர்களை வாசலில் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். தூக்குச்சட்டியில் ஒரு பிடி சோறு இருந்தாலும் அது காட்டுக்காரனுக்குப் போகிற சோறு என்று அர்த்தம்.

இந்த நிலைமையில் தொரைக்கு ஒரு பெரிய கவலை வந்தது. அவர் மனைவியின் குதிரை டச்சஸ் ஓட இடமில்லை. வெளியே போனால் யாராவது சுட்டுவிடுவார்கள். ஆகவே வேலிக்குள்ளேயே ஒரு குதிரைத் திடல் வேண்டும், அதுவும் எந்த மழையிலும் காய்ந்திருக்க வேண்டும். அடுத்த மாதம் மற்ற தோட்டத்துத் தொரைமார்கள் குடும்பத்தோடு வந்து பார்க்கப்போகிறார்கள்.

இடமும் அவரே தேர்ந்தெடுத்தார். பெரட்டுக் களம். காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் இடம் அது. வேலிக்குள் மேடு என்று சொல்ல இருந்தது அது ஒன்றுதான். மறுநாளிலிருந்து ஆட்கள் சேற்றில் நின்று பேர் கொடுத்தார்கள்.

2. ஆமை முதுகு

எங்கள் பக்கத்து மண் களிமண். ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் மறுநாளும் அந்த ஒரு வாளித் தண்ணீர் அங்கேயே இருந்து நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதன் மேல் குதிரை ஓட்டுவதென்றால் சும்மா மணல் கொட்டினால் போதாது. தரையை நடுவில் ஆமை முதுகு மாதிரி உயர்த்தி, இரண்டு பக்கமும் சரித்தோம். அதில் மீன்முள் போலக் குறுக்குக் குழி வெட்டி, உடைந்த செங்கல்லும் மூங்கில் கட்டும் போட்டு நிரப்பினோம். சுற்றிலும் ஒரு வாய்க்கால். எல்லாவற்றுக்கும் மேலே பத்தாங் பெர்ஜுந்தாய் ஈயச் சுரங்கங்களில் அலசிக் கழித்த வெள்ளை மணல்.

அந்த மணல் லோரிக்கு முன்னால் ஒரு போலீஸ் வண்டி, பின்னால் ஒரு போலீஸ் வண்டி. லயத்துப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மட்டும் ரோட்டில் பாதுகாப்பில்லை என்பார்கள்.

மணல் சுமந்த பெண்களில் அஞ்சலை என்று ஒருத்தி. கைப்பிள்ளைக்காரி. கீழ் லயத்தில் கடைசி வீடு அவளுடையது. கூடையைக் கவிழ்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்:

"கிராணியாரே, ஆமை முதுகெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வழிஞ்சு வர்ற தண்ணி எங்க போவும்?"

"வேலிக்கு அந்தப் பக்கம் பெரிய வாய்க்கால் இருக்குல்ல, அங்க."

"வேலியில ஓட்ட போட வுடுவானுங்களா?"

விடவில்லை. வேலிக்குப் பொறுப்பான போலீஸ் ஆபீசர் வந்து பார்த்தார். வேலிக்கு அடியில் ஓட்டை போட்டால் அந்த வழியாகக் கம்யூனிஸ்டு வந்துவிடுவான் என்றார். தொரையும் தலையாட்டினார். தண்ணீரை வேலிக்குள்ளேயே கீழ்ப்பக்கமாகத் திருப்பச் சொன்னார்கள். கீழ்ப்பக்கம் என்றால் கீழ் லயம்.

தொரையிடம் சொல்வது என் வேலை. சொன்னேன். பள்ளியில் படித்த ஆங்கிலத்தை எல்லாம் திரட்டி, கீழ்ப்பகுதியில் சற்றே ஈரம் உண்டாகக்கூடும் என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்கு மிகப் பணிவோடு கொண்டுவர விரும்புவதாகச் சொன்னேன். தொரை அதைப் பாராட்டு என்று நினைத்து எனக்கு நன்றி சொன்னார்.

வெளியே வந்ததும் அஞ்சலை கேட்டாள். "என்னா சொன்னாரு?"

"தேங்க்யூ சொன்னாரு."

"வெளங்கிடும் லா" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

3. விருந்தாளிகள்

விருந்தாளிகள் வரும் நாள் விடியும்போதே மழை கொட்டியது. மரம் வெட்டு இல்லை. பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்று வாசலையும் பூட்டிவிட்டார்கள். மதியம் மழை விட்டபோது நான் திடலைப் போய்ப் பார்த்தேன். பொட்டுத் தண்ணீர் இல்லை. இந்த மாநிலத்திலேயே இவ்வளவு நன்றாக வடிந்த தரை வேறு இருந்திருக்காது. என் முதுகில் நானே தட்டிக்கொண்டேன்.

திரும்பினால் கீழ் லயமே எதிரே வந்துகொண்டிருந்தது. பாய், சட்டி, கோழிக்கூடு, நனைந்த அரிசி மூட்டை. முன்னால் அஞ்சலை, இடுப்பில் பிள்ளை. நேராக வந்து ஆமை முதுகின் உச்சியில் மூன்று செங்கல்லை வைத்து அடுப்பு மூட்டினாள். மற்றவர்கள் சுற்றிலும் பாய் விரித்தார்கள். டச்சஸ் வந்து ஒரு பாயை மோந்து பார்த்தது.

அந்த நேரம் பார்த்து விருந்தாளிகளின் வண்டிகள் வந்து நின்றன; தொரையும், கையில் தேநீர்க் கோப்பையோடு போலீஸ் ஆபீசரும் எதிர்கொள்ள வந்தார்கள்.

தொரைக்குத் தமிழில் ஏவத் தெரியும், கேட்கத் தெரியாது. "ஏய்! எல்லாம் போ! வீடு போ!" என்று கத்தினார்.

அஞ்சலை எழுந்திருக்கவில்லை. "வூட்டுக்கா? வூட்ல தண்ணி குடியிருக்கு தொர. எம்புள்ள தூளிக்கு ஒரு சாண் கீழ நிக்குது. நீங்க அனுப்பிவச்ச தண்ணிதான. அத வெளிய அனுப்புங்க, நாங்க வூட்டுக்குப் போறோம். இல்லாட்டி உங்க குதிரையோட நாங்களும் இங்கயே இருக்கோம். அது ஒண்ணும் சொல்லல, நீங்க ஏன் சொல்றீங்க?"

விருந்துக்கு வந்த ஒரு வெள்ளைக்கார அம்மா, இவள் என்ன சொல்கிறாள் என்று என்னைக் கேட்டார். தொரை என்னை முறைத்தார். என் வாயில் மறுபடியும் 'சற்றே ஈரம்' வந்து நின்றது. அஞ்சலையைப் பார்த்தேன். பிள்ளையின் கால்களைத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"குதிரைக்காக வடித்த தண்ணீர் இவள் வீட்டுக்குள் நிற்கிறது, தொட்டிலுக்கு அடியில் நிற்கிறது, வேலியில் ஓட்டை போடும் வரை இவள் இங்கிருந்து எழுந்திருக்க மாட்டாள்" என்று சொன்னேன். மேலான கவனமும் இல்லை, பணிவும் இல்லை. அந்த அம்மா தொரையைப் பார்த்தார். தொரை ஆபீசரைப் பார்த்தார். ஆபீசர் தேநீர்க் கோப்பையைப் பார்த்தார்.

கடைசியில் ஆபீசருக்கு ஞானம் பிறந்தது. ஓட்டைக்கு இரும்புக் கம்பி வைத்தால் தண்ணீர் போகும், ஆள் நுழைய முடியாது! தானே கண்டுபிடித்ததாக அவருக்குப் பெருமை தாங்கவில்லை. அன்று மாலைக்குள் கீழ் லயம் வடிந்தது. டச்சஸ் அன்று ஓடவில்லை. கோழிகளைக் கண்டு பயந்து மூலையில் நின்றது.

அடுத்த வாரம் என்னை ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகைக்கு மாற்றினார்கள். என் ஆங்கிலம் கெட்டுவிட்டதாம்.

இத்தனை வருஷம் கழித்து, இப்போது புதிதாக வேலைக்கு வருகிற தம்பிமார், நான் மூத்தவன் என்று வடிகால் வரைபடத்தைக் கொண்டுவந்து என்னிடம் காட்டுகிறார்கள். கோடு அழகாக ஓடிப்போய்த் தாளின் ஓரத்தில் நின்றுவிடுகிறது. அந்த ஓரத்துக்கு அப்பால் யார் குடியிருக்கிறார்கள் என்று போய்ப் பார்த்துவிட்டு வா என்பேன். பார்த்துவிட்டு வந்து பணிவாகச் சொல்லாதே என்றும் சொல்லுவேன்.