அசெம்பிளியில் ஒரு சொல்

மாரண்டஹள்ளிப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் பானுமதி வேன் ஆயா. மகள் எழிலரசி அங்கேயே ஏழாம் வகுப்பு. ஆயாவின் பிள்ளைக்கு ஃபீஸ் கிடையாது. அந்த ஒன்றுக்காகத்தான் பிள்ளைகளின் வாந்தியைத் துடைத்தாள், தாளாளரின் மைத்துனனான டிரைவர் மாதேஸ்வரனின் வசவையும் விழுங்கினாள்.

அந்தத் திங்கட்கிழமை காலை, பள்ளிக்கு எதிரே பிள்ளைகளை ரோடு கடத்திவிட அவள் இறங்கியிருந்தபோதே, போன் பேசிக்கொண்டு வேனை எடுத்துப் போய்விட்டான் மாதேஸ்வரன். பின்சீட்டில் தூங்கிப்போன எல்கேஜி பையன் பூட்டிய வண்டிக்குள் மதியம்வரை வெந்தான். டாக்டர்கள் காப்பாற்றினார்கள். நிர்வாகமோ வேனுக்குப் பூசணிக்காய் உடைத்துத் திருஷ்டி கழித்தது. பூசணிக்காய் பெற்றோருக்குப் பதில் சொல்லுமா? ஓர் ஆள் வேண்டியிருந்தது.

அங்கே தினமும் அசெம்பிளியில் ஒரு பிள்ளை, ஓர் ஆங்கிலச் சொல்லுக்குப் பொருளும் வாக்கியமும் சொல்ல வேண்டும். புதன்கிழமை எழிலரசியின் முறை. பிரின்சிபல் அவளை அறைக்குள் அழைத்தாள்.

"இன்னைக்கு வேர்டு 'ப்ளேம்'. மீனிங் தெரியுமா?"

"தப்பு ஒருத்தர் மேலதான்னு சொல்றதுங்க மேடம்."

"குட். யார் மேல, எதுக்குன்னு ரெண்டும் வரணும். உங்கம்மா பேரைப் போட்டுச் சொல்லு."

"வண்டிய எடுத்தப்ப அம்மா அதுல இல்லீங்களே மேடம்…"

"அப்ப டிசிய வாங்கிட்டுப் போ."

பதில் கேட்டு வந்திருந்த பெற்றோர்கள் முன்வரிசையில் நிற்க, பையனை வேனில் விட்டதற்கு எல்லோரும் பானுமதியைத்தான் குறை சொல்கிறார்கள் என்று சுத்தமான ஆங்கிலத்தில் மைக்கில் சொன்னாள் எழிலரசி. ஆங்கிலம் அறியாத பானுமதி, குழாயடியில் நின்று கைதட்டினாள்.

"உம் பேரு வந்துச்சே, என்னடி சொன்னா?" என்றாள் பக்கத்தில் நின்ற ஆயா காவேரி.

"இங்கிலீசுலயும் பெத்தவள மறக்கல பாருக்கா!"

பையனின் தகப்பன் நேரே வந்து அவள் கன்னத்தில் அறைந்தான். "உம் பொண்ணே சொல்லிட்டா. கை வேற தட்டறியாடி?"

பானுமதி மேடையைப் பார்த்தாள். பிரின்சிபலின் கை எழிலரசியின் தோளை அழுத்தியிருந்தது. மகள் தலை நிமிரவில்லை. பானுமதிக்கு விளங்கிவிட்டது.

"ஆமாங்க," என்றாள். "நாந்தான் பாக்காம வுட்டுட்டேன். எம் புள்ள பொய் சொல்லாது."

பெற்றோர்கள் சமாதானமாகிக் கலைந்தார்கள். மதியமே அவளை வேலையைவிட்டு நிறுத்தினார்கள்.

"புள்ள படிப்பு மட்டும் மேடம்…"

"தாராளமா படிக்கட்டும் பானு," என்றாள் பிரின்சிபல். "ஃபீஸ கட்டிடு. ஆயா பிள்ளைங்களுக்குத்தானே ஃப்ரீ."