அண்ணியின் கிட்டாருக்கு ஒரு மாட்டெலும்பு

அண்ணியின் உள்ளங்கையில் அது இரண்டு துண்டாகக் கிடந்தது. சீப்பில் உடைந்த பல் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கிட்டாரின் கழுத்து முடிந்து தலை தொடங்குகிற இடத்தில் ஆறு கம்பிகளும் ஏறி உட்கார ஒரு சிறிய பட்டை உண்டு. நட் என்பார்கள், போல்ட்டில் முடுக்குகிற நட்டு இல்லை இது. சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. ஆனால் அது இல்லாவிட்டால் கம்பிகள் மரத்தோடு மரமாகப் படுத்துவிடும். பாட்டு வராது, கரகரப்புதான் வரும். புதுக் கம்பி மாட்டி முறுக்கியபோது பழைய பிளாஸ்டிக் தாங்காமல் தெறித்துவிட்டது. அண்ணி அழவில்லை. "போச்சு தம்பி" என்று மட்டும் சொன்னார். தொண்ணூற்றொன்று, தை மாதம். எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர் எல்லாச் செய்தித்தாளிலும் வருவதற்கு இன்னும் சில மாதங்கள் இருந்தன.

அந்தக் கிட்டார் எங்கள் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைப்பாக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம், ஒரு ஜோடி மாடு, ஒரு பசு. அண்ணன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்தான். அண்ணி அங்கேயே பாக்கிங்கில் இருந்தவர். சுங்குவார்சத்திரத்தைத் தாண்டி உள்ளே ஒரு கிராமம், கிறிஸ்தவக் குடும்பம். அவருடைய அப்பாதான் அந்தச் சபையின் பாடகர் குழுவை நடத்தியவர். மகளுக்குக் கிட்டார் சொல்லிக்கொடுத்தவரும் அவரே. அண்ணனும் அண்ணியும் பதிவுத் திருமணம் செய்துகொண்ட நாளிலிருந்து அவர் மகளோடு பேசவில்லை. இரண்டு வருஷம், ஒரு வார்த்தை இல்லை. அண்ணியின் அம்மாதான் அவருக்குத் தெரியாமல் கிட்டாரை ஒரு பழைய போர்வையில் சுற்றி பஸ்ஸில் கொடுத்தனுப்பினார்.

இப்போது அண்ணியின் தங்கைக்குக் கல்யாணம். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்கள் தொடங்குவதற்கு முன் ஒரு புதன்கிழமையில் வைத்திருந்தார்கள். தங்கையே நேரில் வந்து, "நான் கோயிலுக்குள்ள நடந்து வர்றப்போ நீதான் வாசிக்கணும். இல்லாட்டி வாசல்லயே நின்னுடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனது. அப்பா என்ன சொன்னார் என்று அண்ணி கேட்டதற்கு, "வேணாம்னு சொல்லல" என்றது. அந்த ஒரு 'சொல்லல'யைப் பிடித்துக்கொண்டுதான் அண்ணி புதுக் கம்பி வாங்கியது. கிட்டார் இல்லாமல் போய்விட்டு வரலாமே என்றான் அண்ணன். "சும்மா போயி பந்தில குந்திட்டு வர்றதுக்கு எனக்கு மூஞ்சி இல்ல" என்றார் அண்ணி.

நான் அப்போது பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ இரண்டாம் வருஷம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்த முதல் ஆள். அந்தப் பெருமை கொஞ்சம் தலையில் இருந்தது. மெட்ராசுக்குப் போய்க் கடையில் கேட்டேன். இந்தப் பழைய அளவு இல்லை, செய்து தரப் பதினைந்து நாள் ஆகும் என்றார் கடைக்காரர். "எலும்புல போட்டா கணீர்னு கேக்கும், பிளாஸ்டிக்லாம் சும்மா" என்றும் சொன்னார். நான் திரும்பி வந்து, "எலும்புலயே நான் செஞ்சு தரேன் அண்ணி" என்றேன். அரத்தால் இரும்பையே சதுரமாக ராவுகிறவனுக்கு எலும்பு எம்மாத்திரம்?

ஆட்டெலும்பு போதாது, சுவர் மெல்லிசு. மாட்டின் கால் எலும்புதான் வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த கறிக்கடை பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நாய்க்கா தம்பி?" "இல்ல பாய், கிட்டாருக்கு." "கிட்டாரு எலும்புகூடத் துன்னுதா? இன்னா ஜாதி அது?" கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவரே நல்ல தடித்த எலும்பாகப் பொறுக்கிக் கொடுத்தார்.

வீட்டில் அம்மா சிரிக்கவில்லை. "வாசல்ல பசு கட்டிக்கீது. மாட்டெலும்ப வூட்டாண்ட கொணாந்தே, அடுப்ப ஒடச்சிப்புடுவேன்." சொன்னால் செய்வாள். அதனால் கழனியில் பம்புசெட் அறைக்குப் பக்கத்தில் மூன்று கல் வைத்து, பழைய அலுமினியக் குண்டானில் எலும்பைப் போட்டேன். நான் செய்த தப்பு அங்கேதான். எங்கள் வீட்டில் எலும்பென்றால் கால் சூப்பு. எவ்வளவு வேகிறதோ அவ்வளவு நல்லது. அதோடு, கிருமி போக நன்றாகக் கொதிக்க வைக்க வேண்டும் என்று பாடப்புத்தகத்தில் படித்தவன் வேறு. காலையில் ஏற்றியதைச் சாயங்காலம் வரை கொதிக்கவிட்டேன். கொழுப்புப் போகட்டும் என்று ஒரு கை சலவை சோடாவும் போட்டேன். ஆறியதும் எடுத்துப் பார்த்தால் அப்படி ஒரு வெள்ளை! மல்லிகைப்பூ தோற்றுவிடும். அறுக்கும்போதே வெண்ணெய் மாதிரி இறங்கியது. என் கைத்திறமை என்று நினைத்துக்கொண்டேன். கடன் வாங்கிய வெர்னியர் அளவுகோலால் அளந்து அளந்து ராவி, கம்பிகள் உட்கார ஆறு காடி வெட்டி, வியாழக்கிழமை மத்தியானம் அண்ணியிடம் நீட்டினேன்.

அண்ணி அதை வைத்துக் கம்பிகளை ஒவ்வொன்றாக முறுக்கினார். நான்காவது கம்பிக்கு 'பொசுக்' என்று ஒரு சத்தம். காடி உதிர்ந்து, வெள்ளைத் தூள் அவர் மடியில் கொட்டியது. மிச்சத்தை எடுத்து அண்ணி இரண்டு விரலால் நசுக்கினார். மாவாகப் போனது.

"இது எலும்பு இல்ல தம்பி, சுண்ணாம்பு. கொழம்புக்கு வேக வெச்சா மாதிரி வெச்சிட்டே."

எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கல்யாணத்துக்கு ஆறு நாள்தான் இருந்தது. அண்ணி மடியிலிருந்த தூளைத் தட்டிவிட்டார். பிறகு, "வெள்ளையா இருக்கணும்னு யாரு கேட்டா? கெட்டியா இருந்தாப் போதும். நாளைக்கு இன்னொண்ணு வாங்கியா" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

இரண்டாவது எலும்பை அண்ணி என் கையில் விடவில்லை. சனிக்கிழமை காலை பம்புசெட்டுக்கு அவரே வந்தார். இரண்டு முனையையும் அறுக்கச் சொல்லி, உள்ளே இருந்த மஜ்ஜையைக் கம்பியால் குடைந்து எடுத்தார். ஒட்டியிருந்த சவ்வைக் கத்தியால் சுரண்டினார். சோப்புத்தூள் கலந்த தண்ணீரில் போட்டு, கொதி வரும்போதெல்லாம் விறகை இழுத்து, தண்ணீர் சும்மா சிணுங்கும்படி வைத்துக்கொண்டார். தண்ணீரை இரண்டு தரம் மாற்றி, ஒரு மணி நேரத்தில் இறக்கிவிட்டார். இதையெல்லாம் யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. என் தப்பைப் பார்த்து அதற்கு நேர் எதிராகச் செய்தார், அவ்வளவுதான். எலும்பு பழுப்பாக, பழைய பல் மாதிரி இருந்தது. ஈரம் காயப் பம்புசெட் தொட்டியின் விளிம்பில் வைத்துவிட்டு, மிச்சக் கொழுப்பை எடுக்க ஊறவைக்கலாம் என்று அண்ணனின் மொபெட்டிலிருந்து பெட்ரோல் பிடித்துவரப் போனேன். அண்ணி குண்டானைக் கழுவ உட்கார்ந்தார்.

நான் ஊறுகாய் பாட்டிலில் பெட்ரோலோடு திரும்பியபோது தொட்டி விளிம்பு காலியாக இருந்தது. வரப்பில் ஒரு செவலை நாய் ஓடிக்கொண்டிருந்தது. வாயில் எங்கள் எலும்பு. அதன் பின்னால், புடவையை முழங்காலுக்குமேல் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் களைக்கொத்தோடு அம்மா. புல் செதுக்க வந்தவள் பார்த்திருக்கிறாள். "எலும்ப போட்றா! பாடையில போறவனே, போட்றா!" அறுத்த தாளடியில் செருப்பில்லாமல் அம்மா அப்படி ஓடி நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. களைக்கொத்தை விட்டெறிந்தாள். நாய் வீலென்று கத்தி, எலும்பைப் போட்டுவிட்டு ஓடியது.

அம்மா குனிந்து எலும்பை எடுத்தாள். வெறுங்கையால். முந்தானையால் மண்ணைத் துடைத்தாள். நேராக வந்து அண்ணியிடம் நீட்டினாள்.

அண்ணி எலும்பைப் பார்த்தார், அம்மாவின் கையைப் பார்த்தார்.

"இன்னாடி பாக்கற? நாய் துன்னுட்டா புதன்கெயம இன்னாத்த வாசிப்பே? புடி."

அதன் பிறகு அம்மா தொட்டியில் இறங்கித் தலைமுழுகினாள். மஞ்சளைத் தேய்த்துத் தேய்த்துக் கையைக் கழுவினாள். வீட்டுக்குப் போன பிறகும் அன்று பசுவின் பக்கம் திரும்பவில்லை. அவளுடைய சாமிக்கும் அவளுக்கும் இடையில் என்ன பேச்சு நடந்ததோ எனக்குத் தெரியாது.

எலும்பு இரண்டு நாள் பெட்ரோலில் ஊறியது. திங்கட்கிழமை எடுத்து நிழலில் உலர்த்தி, நாயின் பல் பட்ட முனையை ஒதுக்கி அறுத்தேன். இந்தத் தடவை ரம்பம் சுலபமாக இறங்கவில்லை. பல் கூசுகிற மாதிரி கிறீச்சிட்டது. செவ்வாய்க்கிழமை ராவி, காடி வெட்டிப் பொருத்தினேன். ஆறு கம்பியும் ஏறின. எதுவும் உதிரவில்லை. அண்ணி ஒரே ஒரு தடவை எல்லாக் கம்பிகளையும் வருடிவிட்டு, கிட்டாரைப் போர்வையில் சுற்றி வைத்துவிட்டார். வாசித்துப் பார்க்கச் சொன்னேன். "நாளைக்கு" என்றார்.

கோயிலில் பாடகர் குழுவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டிருந்தார்கள். அண்ணி அதில் உட்கார்ந்தார். நாலடி தள்ளி அவருடைய அப்பா, வெள்ளை வேட்டி சட்டையில், பாட்டுப் புத்தகத்தை விரித்தபடி நின்றிருந்தார். மகள் பக்கம் திரும்பவே இல்லை. நானும் அண்ணனும் அம்மாவும் கடைசி வரிசையில் உட்காராமல் நடுவிலேயே உட்கார்ந்தோம். அம்மாதான் இழுத்துக்கொண்டு போனாள். அண்ணி கம்பிகளைச் சுருதி சேர்க்கத் தொடங்கினார். ஐந்தாவது கம்பியில் கை நின்றது. என் வேலைதான். அந்தக் காடியை நான் இறுக்கமாக வெட்டிவிட்டிருந்தேன். திருகும்போது கம்பி சிக்கிக்கொண்டு நின்று, பிறகு திடுக்கென்று எகிறியது. ஒரு தரம், இரண்டு தரம். வாசலில் பெண் வந்துவிட்டாள் என்று யாரோ சைகை காட்டினார்கள். படித்து என்ன கிழித்தாய் என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

அப்போது அண்ணியின் அப்பா, புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், சொன்னார்:

"அஞ்சாவது ஏறிக்கினு கீது. எறக்கு."

அண்ணி நிமிர்ந்து பார்த்தார். இறக்கினார். "இப்போப்பா?"

"இன்னும் கொஞ்சம்."

"இப்போ?"

"ம்."

தங்கை உள்ளே நடந்து வந்தது. அண்ணி வாசித்தார். எலும்பு கணீரென்றுதான் கேட்டது என்று நினைக்கிறேன். எனக்கு அந்த 'ம்'தான் காதில் இருந்தது.

இப்போது நான் ஒரு கம்பெனியில் அளவு சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். மயிரிழை தப்பினாலும் பொருளைத் திருப்பி அனுப்புகிறவன் என்று பெயர். பம்புசெட் இருந்த இடத்தில் யாருடைய லாரிகளோ நிற்கின்றன. அண்ணியின் அப்பா மாதம் ஒரு முறை பஸ் ஏறி வந்து, மகள் வாசிக்கக் கேட்டுவிட்டு, தவறாமல் அதே ஐந்தாவது கம்பியைக் குறை சொல்லிவிட்டுப் போகிறார். அரத்தை ஒரே ஒரு இழுப்பு இழுத்தால் போதும், அந்தக் காடி சரியாகிவிடும். ராவித் தரட்டுமா என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் கேட்டுப் பார்க்கிறேன்.

"கைய வெச்சே," என்கிறார் அண்ணி, "அவ்ளோதான் நீ."