இடைவிடாத ஓராண்டு

கன்னத்தைத் துண்டால் இறுகக் கட்டிக்கொண்டு ஒரு லாரி டிரைவர் சங்ககிரியில் உள்ள என் பல் மருத்துவமனைக்கு வந்தார். நான் அப்போது ஈரோடு போயிருந்தேன். திரும்பி வந்தபோது அவர் நாற்காலியில் சாய்ந்து முனகிக்கொண்டிருந்தார். என்னிடம் உதவியாளராக இருந்த பெண், கைகளைப் பின்னால் கட்டியபடி சுவரோரம் நின்றிருந்தார். "பல்லுப் புடுங்கத் தெரியும்ங்கறாங்க, தொட மாட்டேங்கறாங்க. இது என்ன நாயமுங்க?" என்றார் டிரைவர். அந்தப் பெண் ஊசியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

அவரும் என்னைப் போலப் பல் மருத்துவம் படித்தவர்தான். படித்தது வெளிமாநிலக் கல்லூரியில். பட்டத்தோடு ஓராண்டுப் பயிற்சியும் முடித்தால்தான் மருத்துவராகப் பதிவு செய்துகொள்ள முடியும். எட்டு மாதப் பயிற்சி முடிந்திருந்தபோது அம்மாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்து பள்ளிபாளையத்துக்கு ஓடிவந்தார். அப்பா முன்பே இறந்துவிட்டார், கூடப் பிறந்தவர்களும் இல்லை. ஐந்து மாதம் பக்கத்திலிருந்து பார்த்தார். அம்மா போன பிறகு கல்லூரிக்குத் திரும்பி மீதி நான்கு மாதத்தையும் முடித்தார். கல்லூரி சான்றிதழ் கொடுத்தது. பதிவு அலுவலகம் ஏற்கவில்லை. ஓராண்டு என்றால் இடைவிடாத ஓராண்டு, முதலிலிருந்து செய்துவிட்டு வா என்றது. முடித்தவருக்கு மறுபடி பயிற்சி கிடையாது என்று கல்லூரி கைவிரித்தது.

வழக்குப் போட்டார். அது நடந்த மூன்று வருடமும் என்னிடம்தான் வேலை பார்த்தார். நோயாளிகள் அவரை சிஸ்டர் என்று கூப்பிட்டார்கள். ஒருநாளும் நான் திருத்தியதில்லை. என் கை தடுமாறும் இடத்தை அவர் கண் முன்கூட்டியே அறிந்துவிடும், அடுத்த கருவி கேட்காமலே கைக்கு வரும். மதியம் பின்னறையில் தனியாகச் சாப்பிடுவார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் தனியாகவே ரயிலேறிச் சென்னை போய்வந்தார். கடைசி விசாரணைக்கு முன்தினம் மட்டும் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"சார், நாளைக்குக் கூட வர முடியுமுங்களா? சும்மா உக்காந்திருந்தாப் போதுமுங்க."

"கிளினிக்கை எப்படிம்மா சாத்தறது?" என்றேன். விசாரணை நாளன்று வந்ததே இரண்டு நோயாளிகள்தான்.

விதியில் ஓராண்டு என்றுதான் இருக்கிறது, இடைவிடாத என்ற சொல் இல்லை என்றார் நீதிபதி. இல்லாத சொல்லைச் சேர்த்துப் படிக்கக் கூடாது. கற்க வேண்டிய பன்னிரண்டு மாதத்தில் ஒரு நாளும் குறையவில்லை, பதிவு செய்யுங்கள் என்று தீர்ப்பளித்தார். மறுநாள் காலை அந்தப் பெண் நேராக மருத்துவமனைக்கே வந்து இதைச் சொன்னார். வீட்டில் என்ன சொன்னார்கள் என்று யோசிக்காமல் கேட்டுவிட்டேன்.

"ஊட்ல ஆருங்க சார் இருக்கறாங்க? உங்ககிட்டத்தான் மொதல்ல சொல்றேன்."

பதிவு எண் வந்ததும் மல்லசமுத்திரத்தில் தனியாக மருத்துவமனை தொடங்கினார். அழைத்திருந்தார், நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? மனைவி இறந்து, மகன் வெளியூர் போன பிறகுதான் கூட வந்து சும்மா உட்கார்ந்திருப்பதன் அருமை எனக்குப் புரிந்தது.

போன மாதம் என் கடைவாய்ப் பல் தாங்க முடியாமல் வலித்தது. பேருந்தேறி மல்லசமுத்திரம் போனேன். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். பிறகு நாற்காலியில் உட்காரவைத்து, கையுறை மாட்டிக்கொண்டு விளக்கைத் தாழ்த்தினார்.

"அன்னைக்கு நான் கூட வந்திருக்கோணும்மா" என்றேன்.

அவர் கை ஒரு கணம் நின்றது.

"இப்பப் பேசக்கூடாதுங்க சார்," என்றார். "வாயத் தொறங்க."