பத்தொன்பது மணி நேரம்

மூன்று நாளாக அந்தப் படிவம் சாப்பாட்டு மேசையிலேயே கிடந்தது. பதினாறு கேள்விகளுக்குப் பெரியக்கா பதில் எழுதிவிட்டாள். பதினேழாவது கேள்விக்கு நேரே இருந்த கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

"பணிக்காலத்தில் தங்களால் நேர்ந்து, எங்கும் பதிவாகாத பிழை ஏதேனும் உண்டா?"

"இல்லைன்னு மூணு எழுத்து. அதை எழுத மூணு நாளா?" என்றார் கணவர், தட்டைக் கழுவி வைத்துக்கொண்டே. ஓய்வு பெற்ற நில அளவையர் அவர். "மூணு நாள்ல நான் ஒரு ஊரையே அளந்து முடிச்சிருக்கேன்."

"நீங்க அளந்த ஊர்ல பாதிப் பேர் இன்னும் கோர்ட்டுல நிக்கிறாங்க" என்றாள் அவள், தலை நிமிராமல்.

அவர் சிரித்துவிட்டார். அவளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஐம்பத்தேழு வயது. படியேறினால் முழங்கால் முனகும். முப்பத்திரண்டு வருடங்களாகச் சிறுவர் இல்லத்தில் வேலை. தப்பு செய்துவிட்டு நீதிமன்றம் வழியாக வந்து சேரும் பிள்ளைகள் பத்து வயதிலிருந்து பதினேழு வயது வரை அங்கே இருப்பார்கள். அவர்களில் யாரோ ஒருவன் என்றோ வைத்த பெயர்தான் 'பெரியக்கா'. அது ஒட்டிக்கொண்டு, சமையல்காரர் முதல் கண்காணிப்பாளர் வரை எல்லாருக்கும் அவள் பெரியக்காவாகிப் போனாள்.

இன்னும் மூன்று வருடம் ஓட்டிவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள். விதி விடவில்லை. பதினான்கு இல்லங்களையும் மேற்பார்க்கும் துறையின் இயக்குநர் பொய்ப் பதிவேடுகளில் மாட்டிக்கொண்டு வெளியேற்றப்பட்டார். இல்லங்களைச் சீர்திருத்திப் பழகிய அனுபவசாலி ஒருவர் வேண்டும் என்று தேடல் குழு அமைத்தார்கள். குழு இரண்டு பேரைத்தான் கூப்பிட்டிருந்தது. ஒருத்தி இவள். இன்னொருவர் சிறைத்துறை அதிகாரி. "பூட்டு இல்லாத இடத்தில் ஒழுங்கு இருக்காது" என்று அவர் கொடுத்த பேட்டி பத்திரிகையில் படத்தோடு வந்திருந்தது.

அவர் வந்தால் பதினான்கு இல்லங்களிலும் தனியறைகள் மறுபடி திறக்கும். திறக்கும் என்ன, பூட்டப்படும்! தூக்கம் வராத பிள்ளை, சோறு வேண்டாம் என்ற பிள்ளை, அம்மாவைக் கேட்டு அழுத பிள்ளை என்று எல்லாரையும் உள்ளே தள்ளிப் பூட்டுவார்கள். அது தெரிந்ததால்தான் முழங்கால் வலியையும் மறந்து அவள் அந்தப் படிவத்தை எடுத்தாள். எடுத்தவள் பதினேழாவது கேள்வியில் சிக்கிக்கொண்டாள்.

சீர்திருத்தவாதி என்று அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது, தன் இல்லத்தில் அவள் கொண்டுவந்த ஒரே ஒரு விதி. எந்தப் பணியாளர் ஒரு பிள்ளையைத் தனியறையில் போட்டுப் பூட்டுகிறாரோ, அவரே அந்தக் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, திறக்கும் வரை உட்கார வேண்டும். டீ குடிக்கப் போக முடியாது. பணி மாறும் நேரம் வந்தாலும் வீட்டுக்குப் போக முடியாது. எழுந்திருக்க வேண்டுமானால் கதவைத் திறந்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். ஆறே மாதத்தில் பூட்டுவது பாதியாகக் குறைந்தது. யாருக்கு உட்காரப் பொறுமை இருக்கிறது? இரண்டு வருடத்தில் அந்த அறையில் பழைய மெத்தைகளை அடுக்கிவிட்டார்கள். வெளியூர்களிலிருந்து வந்து பார்த்தார்கள், பாராட்டினார்கள், பொன்னாடை போர்த்தினார்கள்.

இந்த யோசனை எப்படி வந்தது என்று கேட்டவர்களிடம் அவள் ஒன்றும் சொன்னதில்லை.

இருபத்தாறு வருடம் முன்பு அந்த இல்லத்தில் 'தாத்தா' என்று ஒரு பையன் இருந்தான். பதின்மூன்று வயதிலேயே காதோரம் நரைத்திருந்ததால் மற்றப் பிள்ளைகள் அப்படிக் கூப்பிட்டார்கள். ஒரு நாள் மதியச் சாப்பாட்டில் அவன் இன்னொருவன் மேல் தட்டை எறிந்தான். இரண்டு மணிக்குப் பெரியக்காவே அவனைத் தனியறையில் விட்டுப் பூட்டினாள். ஒரு மணி நேரத்தில் திறப்பதாக எண்ணம். பூட்டிய சூட்டோடு வீட்டிலிருந்து போன் வந்தது. மூன்று வயது மகளுக்குக் காய்ச்சல் ஏறி, கண் செருகுகிறது என்றார்கள். பெற்ற வயிறு பதறாதா? பதிவேட்டில் 'நாற்பத்திரண்டு பேர், எல்லாம் சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினாள்.

அடுத்த முறைப் பணிக்கு வந்த ஆட்கள் மாலையில் தலையெண்ணிப் பார்த்தார்கள். நாற்பத்திரண்டு. சரியாகத்தான் இருந்தது. நான்கு மணிக்குப் போலீஸ் கொண்டுவந்து விட்ட புதுப்பையன் ஒருவன், பதிவேட்டில் ஏறுவதற்கு முன்பே பசிக்கிறது என்று சாப்பாட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்திருந்தான். இல்லாதவன் இடத்தை அவன் நிரப்பிவிட்டான். தனியறை நடைக்கோடியில், கிடங்குக்கும் பின்னால். சத்தம் வராது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வேலைக்கு வந்தவள் முகம் துடைக்கக் கைப்பையில் கைக்குட்டையைத் தேடினாள். கையில் அகப்பட்டது அந்த அறையின் சாவி.

பத்தொன்பது மணி நேரம்! தண்ணீர் இல்லாமல், வெளிச்சம் இல்லாமல், ஒரு குழந்தை! கதவைத் திறந்தபோது அவன் சுவரோடு சுவராக ஒட்டி உட்கார்ந்திருந்தான். விரல் நகங்கள் கிழிந்திருந்தன. அவளைப் பார்த்து அழவில்லை, திட்டவில்லை. "பாத்ரூம் போகலாமா?" என்று மட்டும் கேட்டான்.

அப்போதைய கண்காணிப்பாளர் பதிவேட்டின் பக்கத்தைக் கிழித்துப் புதிதாக எழுதினார். "நம்ம வீட்டு விஷயம் நம்ம வீட்டோட இருக்கட்டும்மா. உனக்கும் குழந்தை இருக்கு." அவளும் அந்தப் புதுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள்.

நான்காம் நாள், ஞாயிற்றுக்கிழமை, அவள் தாத்தாவைத் தேடிப் போனாள். அவன் இப்போது குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். கடையில் அவன் மனைவி இருந்தாள். பத்து வயதுப் பெண் ஒருத்தி தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

"எந்த மெஷின் ரிப்பேர்மா?"

"மெஷின் இல்ல தாயி. அவரைத்தான் பாக்கணும்."

"பக்கத்துக் காய்கறிக் கிடங்குல குளிர் அறை வேலை செய்யுறார். போய்ப் பாருங்க."

கிடங்கின் குளிர் அறைக் கதவு இரும்பு. அது மூடிக்கொள்ளாதபடி குறுக்கே ஒரு கருவிப் பெட்டி கிடந்தது. அதற்கு மேல் ஒரு செங்கல். அதற்கும் மேல் ஒரு செங்கல். உள்ளேயிருந்து வந்தவனுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. முப்பத்தொன்பது வயதுதான்.

"தாத்தா..." என்றாள், தன்னை அறியாமல்.

அவன் சட்டென்று வெளியே எட்டிப் பார்த்தான். "அந்தப் பேரை இங்க சொல்லாதீங்கக்கா. என் பொண்ணு காதுல விழும்."

காய்கறிக் கூடைகளைத் தள்ளி அவளுக்கு இடம் பண்ணிக் கொடுத்தான். அவள் படிவத்தைப் பற்றிச் சொன்னாள். "உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு எழுதலாம்னு வந்தேன்."

"எழுதுனா வேலை கிடைக்குமா?"

"கிடைக்காமப் போகலாம்."

"அப்ப அந்தப் பூட்டுக்காரர் வந்துடுவாரே. பேப்பர்ல பாத்தேன்."

"ஆமா."

"அப்புறம் எதுக்குக்கா எழுதணும்?"

"இல்லைன்னு பொய் எழுதக் கை வரலப்பா."

அவன் சிரித்தான். "இருபத்தாறு வருஷமா வந்த கை இப்ப மட்டும் வரலையா?"

அவன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே பேசினான். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளை இன்னும் வதைத்தது.

"எழுதுனா என் பேரைக் கேப்பாங்க. விசாரணைன்னு ஜீப்புல வருவாங்க. என் வீட்டுக்காரிக்குத் தெரிஞ்சவரைக்கும் நான் ஹாஸ்டல்ல படிச்சவன். உங்க மனசு லேசாகணும்னு என் வாழ்க்கையைக் கொண்டுபோய் அவங்க மேசையில வைப்பீங்களா?"

"அப்படி இல்லப்பா..."

"மன்னிச்சிட்டேன்னு சொல்லச் சொல்றீங்களா? அதுவும் வரலக்கா." துணியைத் தோளில் போட்டுக்கொண்டான். "அன்னிக்கு உள்ள இருந்து யார் பேரைக் கூப்பிட்டேன் தெரியுமா? உங்க பேரைத்தான். மத்தவங்க வந்தா அடிப்பாங்க. நீங்க ஒருத்திதான் அடிக்க மாட்டீங்க. அதனால பெரியக்கா, பெரியக்கான்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன்."

ஐயோ! இருபத்தாறு வருடத்துக்கு முன் கூப்பிட்ட குரல் அந்தக் காய்கறிக் கிடங்கில் வந்து அவள் நெஞ்சில் இறங்கியது. வாயில் முந்தானையை அழுத்திக்கொண்டாள்.

"வேலைக்குப் போங்க. நல்லபடியா பாருங்க. என்னை விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு, செங்கல்லைத் தொட்டுப் பார்த்து, அவன் மறுபடி உள்ளே போனான்.

வீட்டுக்கு வந்து பதினேழாவது கட்டத்தில் எழுதினாள்: "உண்டு. நேரில் சொல்கிறேன்." கணவர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "இதுக்கு மூணு எழுத்தே தேவலாம்."

தேடல் குழுவில் மூன்று பேர். ஓய்வு பெற்ற நீதிபதி அம்மாள், ஒரு டாக்டர், துறைச் செயலாளர். அவள் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் சொன்னாள். சாவி, தலையெண்ணிக்கை, கிழிந்த நகம், கிழித்த பக்கம், தன் கையெழுத்து என்று எதையும் விடவில்லை. பேசி முடித்தாள். யாரும் அவள் பக்கம் தண்ணீரை நகர்த்தவில்லை.

"அந்தப் பையன் பேர்?" என்றார் செயலாளர்.

"சொல்ல மாட்டேங்க."

"பேர் இல்லாம எப்படி நம்புறது?"

"குத்தம் செஞ்சவளே வந்து சொல்றேன். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும் சார்?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "இத்தனை வருஷம் வாங்குன பாராட்டெல்லாம்?"

"அது அத்தனையும் அந்த ஒரு ராத்திரிக்கு வாங்குனதுதாங்க. ஒவ்வொரு தடவையும் கூசிச்சு. ஆனாலும் வாங்கிக்கிட்டேன்."

நீதிபதி அம்மாள் படிவத்தைத் தள்ளி வைத்தார். "இதை மறைச்சிருந்தா பதவி உங்களுக்குத்தான். தெரியுமா?"

"தெரியும்மா."

"பதினாலு இல்லத்துப் பிள்ளைங்களை நினைச்சீங்களா? உங்களுக்குப் பதிலா யார் வருவார்னு தெரிஞ்சும் சொல்றீங்களே!"

"அவங்களை நினைச்சுத்தாம்மா நாலு நாளா எழுத முடியல." பெரியக்கா களைத்துப் போயிருந்தாள். சொற்கள் மெதுவாகத்தான் வந்தன. "நானும் பொய் எழுதிட்டு உள்ள போய் உக்காந்தா, நாளைக்கு ஒருத்தர் பதிவேட்டுப் பக்கத்தைக் கிழிச்சா எந்த வாயால கேப்பேன்? பூட்டைக்கூட உடைச்சிடலாம்மா. எல்லாம் சரின்னு எழுதி வைக்கிறதைத்தான் உடைக்க முடியாது."

"நீங்க போகலாம்" என்றார்கள்.

ஒன்பது நாள் சத்தமே இல்லை. பத்தாம் நாள் உறை வந்தது. மூவரில் இருவர் சம்மதித்திருந்தார்கள். நியமன ஆணையைக் கணவர் இரண்டு முறை படித்துவிட்டு, "பொழைச்சோம்" என்றார். அவளுக்கு மகிழ்ச்சி என்று ஒன்றும் வரவில்லை. படுத்தால் போதும் என்றிருந்தது.

ஆணையின் அடியில் ஒரு வரி: "விண்ணப்பதாரர் ஒப்புக்கொண்ட பிழை மீது விதிப்படி நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும்."

முதல் நாள் தலைமை எழுத்தர் ஒரு கோப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நெளிந்தார்.

"என்னங்க இது?"

"இல்லப் பணியாளர் செய்த தவறுக்கு நடவடிக்கை எடுக்க வேண்டியவர் இயக்குநர்தாம்மா."

"இயக்குநர் நான்."

"ஆமாம்மா."

"தப்பு செஞ்சதும் நான்."

"அதாம்மா... நீங்களே உங்களுக்கு மெமோ கொடுத்து, நீங்களே விளக்கம் கேட்டு..."

"நானே திருப்தி இல்லைன்னு எழுதிடவா?" என்றாள். எழுத்தருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

முதலில், பூட்டியவரே வெளியே உட்கார வேண்டும் என்ற விதியைப் பதினான்கு இல்லங்களுக்கும் ஆணையாக அனுப்பினாள். அடுத்து அந்தக் கோப்பை, தன்னைத் தானே விசாரிப்பது முறையில்லை என்று எழுதிச் செயலாளருக்கு அனுப்பினாள். இரண்டு வாரத்தில் அது திரும்பி வந்தது. "பாதிக்கப்பட்டவர் பெயர் இல்லை. சேர்த்து அனுப்புக." அவள் 'ஒரு சிறுவன்' என்று எழுதி அனுப்பினாள். மறுபடி வந்தது. மூன்றாம் முறையும் வந்தபோது, "இது என் ஓய்வு வரைக்கும் இப்படியே போயிட்டு வரும்" என்று சொல்லி மேசை மேலேயே வைத்துக்கொண்டாள்.

பிறகு ஒரு வழக்கம் வந்தது. இல்லங்களின் கண்காணிப்பாளர் யார் முதல் முறை பார்க்க வந்தாலும், பேச்சைத் தொடங்கும் முன் அந்தக் கோப்பைக் கொடுத்துப் படிக்கச் சொல்வாள். சிலர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "பெரிய மனசும்மா உங்களுக்கு" என்றார்கள். அப்படிச் சொன்னவர்களின் இல்லங்களுக்குத்தான் அவள் முதலில் நேரில் போனாள்.

ஒரு மாலை, அலுவலகம் முடியும் நேரம். மிகத் தொலைவில் இருந்த இல்லத்தின் கண்காணிப்பாளர் வந்திருந்தார். ஐம்பது வயது ஆள். கோப்பைக் கடைசி வரி வரை படித்தார். மூடினார். மறுபடி திறந்தார். எழுந்திருக்கவில்லை.

"அம்மா..." என்றார். "எங்க பதிவேட்டுலயும் ஒரு பக்கம் இல்லம்மா. போன வருஷம். நான்தான் கிழிச்சேன்."

தலைமை எழுத்தர் பூட்டிவிட்டுப் போகலாமா என்று கேட்பதற்காக வாசலில் வந்து நின்றார். பெரியக்காவுக்கு முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. இது இன்றைக்கு முடிகிற பேச்சு இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. இந்த மனிதர் சொல்லப்போவது ஒரு பிள்ளையைப் பற்றி. அந்தப் பிள்ளைக்கும் ஒரு பெயர் இருக்கும். அதை எழுதலாமா கூடாதா என்று அவனிடம்தான் முதலில் கேட்க வேண்டும்.

"நீங்க கிளம்புங்க, நாங்க இருக்கோம்" என்று எழுத்தரிடம் சொன்னாள். பிறகு கண்காணிப்பாளர் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் பையன் இப்ப எங்க இருக்கான்?"