பொறுங்கக்காவின் கோபம்

மூன்றாவது பொத்தானில் அப்பாவின் விரல் மறுபடி வழுக்குகிறது. பாதி உள்ளே போன பொத்தான் வெளியே வந்துவிடுகிறது. அவள் கட்டிலுக்கு எதிரே, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், இடது மணிக்கட்டை வலது கையால் இறுக்கிப் பிடித்தபடி நிற்கிறாள். பிடித்துக்கொள்ளாவிட்டால் அந்தக் கை தானாகப் பாய்ந்துவிடும். ஆறு பொத்தான் போட அவளுக்கு அரை நிமிஷம் போதும். அவருக்குப் பதினாறு நிமிஷம். "பொறுங்கப்பா. யாரு நம்மள விரட்டுறா?" என்கிறாள்.

வீட்டோடு தங்கி முதியவர்களைப் பார்த்துக்கொள்வது அவள் தொழில். பதினெட்டு வருஷமாகிறது. ஒரு நாளைக்கு நாற்பது தடவை "பொறுங்க" என்று சொல்வதால், கூட வேலை பார்க்கும் பெண்கள் வைத்த பெயர் பொறுங்கக்கா. இதைவிடப் பெரிய வேடிக்கை கிடையாது. பொறுமை என்பது அவளிடம் மருந்துக்கும் இல்லை. லிஃப்ட் வரத் தாமதமானால் கதவை ஒரு தட்டுத் தட்டிவிட்டு நாலு மாடியும் படியேறி வந்துவிடுவாள். போனில் 'தயவுசெய்து காத்திருக்கவும்' என்று பதிவுக் குரல் சொன்னால், "எவ்வளவு நேரம்டியம்மா?" என்று அந்தக் குரலோடேயே சண்டைக்குப் போவாள். மூக்கு நுனியில் கோபம். இருக்கிற கொஞ்சம் பொறுமையையும் அப்பாவின் சட்டைக்குச் செலவழித்துவிடுகிறாள் போலிருக்கிறது.

அப்பா என்றால் பெற்ற அப்பா இல்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் பெரியவர்கள் அவளுக்கு அப்பா, அம்மாதான். இந்த அப்பாவுக்கு எண்பத்தொன்று. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். "ஓடுற வண்டியில முப்பத்திரண்டு வருஷம் கம்பியைப் பிடிக்காம நடந்தவன்மா நான்" என்று தினமும் ஒரு தடவையாவது சொல்லிவிடுவார். போன வருஷம் வந்த பக்கவாதம் இடது பக்கத்தை மந்தமாக்கிவிட்டது. சட்டை போடும்போது அவள் ஒரு சட்டம் வைத்திருக்கிறாள். "முதல்ல சோம்பேறிக் கை. அப்புறம் வேலைக்காரக் கை." இடது கை முதலில் நுழைந்தால்தான் சட்டை ஏறும். கழற்றும்போது வேலைக்காரக் கைக்கு முதல் மரியாதை. அப்பா இந்தச் சட்டத்தைக் கேட்டு முதல் நாள் சிரித்தார். இப்போது அவரே கைகளை அதட்டுகிறார்.

கட்டிலிலிருந்து கழிவறைக்கு இருபத்திரண்டு அடி. காலையில் அவள் முதலில் செய்வது அந்த வழியைத் துடைத்துக் காய விடுவதுதான். கால்மிதியை எடுத்துவிட்டாள். வழுக்குகிற காலுறையைக் குப்பையில் போட்டாள். நடுவழியில் ஒரு நாற்காலி, மூச்சு வாங்கினால் உட்கார. வாக்கரைப் பிடித்து அவர் நடக்க, இடுப்பில் கட்டிய துணிப்பட்டையை இரண்டே விரலால் பற்றிக்கொண்டு பின்னால் போவாள். இழுக்கமாட்டாள், தூக்கமாட்டாள். அவர் முழங்காலைத் தேய்க்க ஆரம்பித்தால் கிளம்பும் நேரம் வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியும். வாய் திறந்து சொல்ல அவருக்குக் கூச்சம்.

இந்த வேலை யார் கண்ணுக்கும் வேலையாகத் தெரிவதில்லை. எரிச்சலே அங்கேதான். அப்பாவின் மகன் வேறு ஊரில் இருக்கிறான். அறை மூலையில் ஒரு கேமரா வைத்து, அலுவலகத்தில் உட்கார்ந்தபடி போனில் பார்ப்பான். அந்தக் கேமராவுக்கு வாயும் உண்டு. ஒருநாள் ஐந்தாவது பொத்தானில் இருக்கும்போது அது திடீரென்று கத்தியது.

"ஹலோ! நின்னு வேடிக்கை பாக்கறதுக்கா உங்கள வச்சிருக்கு? அவர் கஷ்டப்படறது தெரியல?"

அப்பாவுக்குத் தூக்கிவாரிப்போட, பிடித்திருந்த பொத்தானை விட்டுவிட்டார். அவள் நிமிர்ந்து கேமராவைப் பார்த்தாள்.

"சார், நீங்க போட்ட சத்தத்துல கிட்ட வந்த பொத்தான் போச்சு. முதல்ல போனை வைங்க."

நல்ல மனநிலையில் இருந்தால் அவள் வாயில் அவன் தம்பி. சார் என்றால் அடுப்பு எரிகிறது என்று அர்த்தம்.

அவனையும் ஒரேயடியாகக் குறை சொல்லிவிட முடியாது. அவள் வருவதற்கு முன்னால் அப்பா குளியலறையில் விழுந்து, தலையில் ஐந்து தையல். தரையில் கிடந்த ரத்தத்தைத் துடைத்தவன், அன்று ஊரிலிருந்து வந்திருந்த அவன்தான். அன்றிலிருந்து அப்பா எழுந்து நின்றாலே, "உக்காருங்கப்பா" என்று கத்துகிறான். அதற்காக மனுஷனைக் கட்டிலோடு கட்டிப் போட்டால் சரியாகிவிடுமா? கேட்டால், "பாதுகாப்பு" என்கிறான்.

அந்தச் சொல்லைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அதில் பாதிக் கோபம் தன் மேலேயே. முதன்முதலாக வேலைக்குப் போன வீட்டில் ஒரு தையல் டீச்சர் இருந்தார். "நான் போனப்ப அந்தம்மா தன் கையால சாப்பிட்டாங்க. சிந்தும். ஆனா சாப்பிட்டாங்க. எனக்கு அவசரம். ஊட்டிவிட்டேன். எட்டு நிமிஷத்துல தட்டு காலி. வீட்டுல எல்லாரும், 'ஆஹா, என்ன சுறுசுறுப்பு'ன்னாங்க. நானும் வாயெல்லாம் பல்லா நின்னேன். நாலே மாசம். ஸ்பூனை எப்படிப் பிடிக்கணும்னே மறந்துட்டாங்க. வயசாயிருச்சுன்னாங்க. வயசு ஒண்ணும் பண்ணல. நான்தான் பண்ணேன்." இதைச் சொல்லும்போது அவள் அழுவதில்லை. பல்லைக் கடிப்பாள்.

போன சனிக்கிழமை மகன் நேரில் வந்தான். பளபளவென்று ஒரு சக்கர நாற்காலி, ஒரு பெட்டி நிறைய டயப்பர். வந்தவன் முதல் வேலையாக வாக்கரை மடித்துக் கீழே கொண்டுபோய்க் காரில் போட்டுவிட்டான். அதற்கு முன்பே அவளை அனுப்பிய அலுவலகத்திலிருந்து போன் வந்திருந்தது. "வீட்டுக்காரங்க சொல்றபடி செய்யுங்க. முடியலேன்னா திங்கக்கிழமை வேற ஆள் வரும்." அவளும், "வரட்டும், இன்னைக்கு சனிக்கிழமைதானே?" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

"இனிமே நடக்கற வேலையே இல்லப்பா," என்றான் மகன். "எங்க போகணும்னாலும் இதுல ஜம்முனு உக்காந்துக்கலாம்."

"இதுல உக்கார வச்சா ஒரே மாசம் தம்பி. அதுக்கப்புறம் கால் நிக்காது. நான் பாத்திருக்கேன்."

"விழுந்தா நீங்க பொறுப்பேத்துக்குவீங்களா?"

"விழாம பாத்துக்கறதுதான் என் வேலை. நடக்க விடாம பாத்துக்கறது இல்ல."

பேச்சு இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதே அப்பா முழங்காலைத் தேய்க்க ஆரம்பித்தார். அவள் பார்த்துவிட்டாள். பட்டையை எடுத்து அவர் இடுப்பில் கட்டினாள். மகன் டயப்பர் பெட்டியைக் கிழித்தான்.

"எதுக்குப்பா அவசரமா எழுந்துக்கறீங்க? இதைப் போட்டுக்கிட்டு, இதுலயே போயிடுங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். முழங்காலில் இருந்த கை மட்டும் நிற்கவில்லை.

பொறுங்கக்காவுக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "சார், இதே வார்த்தையை உங்ககிட்ட யாராவது சொன்னா எப்படி இருக்கும்? உங்க ஆபீஸ்ல, நாலு பேரு முன்னால? அவருக்கு வருதுன்னு தெரியுது. போகணும்னு தெரியுது. எழுந்திருக்கத் தெம்பு இருக்கு. இத்தனையும் இருக்கறவரைப் பாத்து படுக்கையிலயே போங்கறீங்களே, நாக்கு கூசல?"

மகன் சக்கர நாற்காலியைக் கட்டில் பக்கம் தள்ளினான். "சரி, பாத்ரூமுக்கே போகட்டும். இதுல ஏத்துங்க" என்றான்.

அவள் நாற்காலியை வெடுக்கென்று அவன் கையிலிருந்து இழுத்தாள். கழிவறைப் பக்கமாகத் திருப்பி, கைப்பிடிகள் அப்பாவுக்கு நேராக வரும்படி நிறுத்தி, பிரேக்கைப் போட்டாள்.

"வாக்கர்தான் கார்ல இருக்கே. பரவாயில்ல. எழுந்திருங்கப்பா, இதைப் பிடிங்க. முதல்ல சோம்பேறிக் கை."

அப்பா எழுந்தார். இடது விரல்கள் ஒவ்வொன்றாகக் கைப்பிடியில் மடங்கின. நாற்காலி இலேசாக ஆடியது.

"கனம் இல்லாம ஆடுதுமா," என்றார்.

"கனம்தானே? இருங்க." மகனிடம் திரும்பினாள். "நீங்க பின்னால வந்து இந்தப் பட்டையைப் பிடிங்க. ரெண்டே விரல். இழுத்தீங்க, தொலைச்சிடுவேன்."

அவன் வந்து பிடித்தான். அவள் சுற்றிக்கொண்டு முன்னால் போனாள். புத்தம்புது நாற்காலியில் திமிராக ஏறி உட்கார்ந்து, பிரேக்கை விடுவித்தாள். "ம், வண்டிய எடுங்கப்பா" என்று சொல்லிவிட்டு, தரையில் இருந்த இரண்டு கால்களையும் தூக்கிக் கால்பலகையின் மேல் வைத்துக்கொண்டாள்.