சிவப்புத் தண்ணி வண்டி வந்த கிராம சபை

குக்கர் விசில் அடித்தால் முதலில் வாசலுக்கு ஓடுகிற ஆள் நான். இரண்டாவது விசிலுக்குத்தான் அது குக்கர் என்று புரியும். இப்படிப்பட்ட என்னிடம் போய் என் மச்சினன் தன் பிழைப்பை ஒப்படைத்தான் என்றால், அவனுக்கு வேறு நாதியில்லை என்றுதான் அர்த்தம்.

கன்னிவாடியைத் தாண்டி மலையடிவாரத்தில் எங்கள் ஊர். தொண்ணூறுகள் முடிகிற சமயம். நான் மைக்செட் கடை வைத்திருந்தேன். காதுகுத்து, சர்ச் திருவிழா, கட்சிக் கூட்டம், எதுவானாலும் என் குழாய்தான் கத்தும். மச்சினன், அதாவது என் வீட்டுக்காரியின் தம்பி, மலையில் தீ காக்கிற ஆள். மாசி தொடங்கி மழை இறங்குகிற வரைக்கும் வனத்துறையில் ஆறு பேரைத் தினக்கூலிக்கு எடுப்பார்கள். காய்ந்த புல்லை வெட்டித் தீ தாண்டாதபடி பாதை போட வேண்டும். புகை தெரிந்தால் ஓடிப்போய்ப் பச்சைக் கொப்பால் அடித்து அணைக்க வேண்டும். கூலி வெளியில் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. ஆனால் அவன் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு நடப்பதைப் பார்த்தால் மலையே அவன் பேருக்குப் பட்டா ஆன மாதிரி இருக்கும்.

அந்த வருஷம் ஒரு பேச்சு கிளம்பியது. அடுத்த கோடைக்கு ஆறு பேர் கிடையாதாம், ரெண்டே பேராம். இவனுக்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்தவர்களே ரெண்டு பேர் இருந்தார்கள். கணக்கு தெரிந்துபோயிற்று. வேலை போனால் வேடசந்தூர்ப் பக்கம் மில்லுக்குத்தான் போக வேண்டும். ஏற்கெனவே ஒருதரம் போனவன்தான். பஞ்சுத் தூசி ஆகாமல் மூச்சு இழுத்து, ஒரே வாரத்தில் மில் பஸ்ஸிலேயே திரும்பி வந்து இறங்கினான். அவன் நெஞ்சு விசிலடித்ததைக் கேட்டு அவன் அக்கா அழுதாள். நான் பழக்கதோஷத்தில் வாசலுக்கு ஓடினேன்.

பஞ்சுத் தூசி ஆகாதவனுக்குக் காட்டுப்புகை மட்டும் எப்படி ஆகிறது என்று கேட்டால், "அது வெளிய போற புகை மாமா, இது உள்ள சுத்துற தூசி" என்பான். அவன் நுரையீரலின் நியாயம் அவனுக்குத்தான் வெளிச்சம். ஆனால் மறுபடி மில்லுக்குப் போனால் ஆள் தேறமாட்டான் என்பது மட்டும் எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

மே ஒண்ணாம் தேதி கிராம சபை. ஆறு பேரும் வேணும், கூலியும் கூடணும் என்று தீர்மானம் போட்டு அனுப்பினால் மேலே யோசிப்பார்கள் என்று பஞ்சாயத்துத் தலைவரம்மா சொல்லியிருந்தார்.

"நீங்கதான் பேசணும் மாமா" என்றான் மச்சினன்.

"ஏலே, நானா? எனக்குக் கூட்டத்தப் பாத்தா நாக்கு ஒட்டிக்கிருமே."

"மைக்கு ஒங்களுது. ஒருத்தனும் புடுங்க முடியாது. அந்த ஒரு தகுதி போதும்."

பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் சாமியானா போட்டிருந்தது. ஒரு பெரிய அண்டாவில் மோர். அந்தக் கோடையில் ஊரில் மோர் கிடைத்தாலும் கிடைக்கும், தண்ணீர் கிடைக்காது. டேங்கர் வண்டி வந்து பல நாள் ஆகியிருந்தது. பெண்கள் கூட்டத்துக்கே குடத்தோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். வண்டி வந்தால் வீட்டுக்குப் போய்க் குடம் எடுத்துவர நேரம் இருக்காது அல்லவா?

முதலில் எழுந்தவர் மாந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுக்கிறவர். குரலுக்கு மைக்கே தேவையில்லை.

"போன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு? தீப்பிடிச்சா டவுனுக்கு ஒரு அடி அடிச்சா வண்டி வந்துட்டுப் போகுது. அதுக்கு ஆறு பேர மலையில ஒக்கார வச்சுச் சோறு போடணுமா?"

"சோறு நாங்க வீட்ல இருந்து கட்டிட்டுப் போறோம்ணே. நீங்க தொட்டுக்க வெஞ்சனங்கூடத் தந்ததில்ல" என்றான் மச்சினன். சிரிப்பு.

ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் எழுந்தார். "மலை எரிஞ்சாத்தேன் மழை எறங்கும். அதப் போயி எதுக்கு அணைக்கிறீக?"

"அப்ப ஒங்க வைக்கப்போர்ல செத்த நேரம் தீய வச்சுப் பாப்பமா? தூறலாச்சும் விழும்ல" என்றது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். பெரியவர் துண்டை உதறிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

தலைவரம்மா என்னைக் கூப்பிட்டார். 'பேரன்புமிக்க பெரியோர்களே' என்பதில் தொடங்கி அழகாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். மைக்கைப் பிடித்து, கூட்டத்தைப் பார்த்தால் பயம் வரும் என்று தலையைத் தூக்கி மலையைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. பாதி மலைக்குக் கீழே, பாறைக்குப் பக்கத்தில், புகை.

"பேரன்புமிக்க தீ!" என்றேன்.

கூட்டம் முழித்தது.

"தீ! தீ! ஓடுங்க! எல்லாரும் ஓடுங்க!"

எங்கே தீ என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். நாலு குழாயிலும் நான் 'தீ தீ' என்று அலறியபோது, சாமியானாவில்தான் பற்றிக்கொண்டது என்று ஜனங்கள் நினைத்தார்கள். நான் மைக்கோடு ஆடியதில் வயர் இழுபட்டு ஆம்ப்ளிஃபயர் வேறு 'பட்'டென்று ஒரு பொறி விட்டது. அவ்வளவுதான். யாரோ ஒரு புண்ணியவான் மோர் அண்டாவைத் தூக்கி அதன் தலையில் கவிழ்த்தான். என் ஆம்ப்ளிஃபயர், கறிவேப்பிலையும் பச்சைமிளகாயுமாக, கடைசியாக ஒருதரம் விக்கிவிட்டு அடங்கியது.

நான் அதற்குள் எதிரே இருந்த டெலிபோன் பூத்துக்குள் பாய்ந்து போனைச் சுழற்றிவிட்டேன்.

"தீயணைப்பு நிலையம்."

"சார், தீ சார்!"

"தெரியுதுங்க. எங்க?"

"இங்கதான் சார்!"

"இங்கன்னா?"

"எங்க ஊர்ல சார்! ஊரே எரியுது சார்!"

ஊர் பேரை வாங்குவதற்குள் அந்த மனுஷன் பட்ட பாடு. கன்னிவாடி என்று சொன்னேன். அதற்கு முன்னால் ஏனோ என் மாமனார் ஊரையும் சொன்னேன். மலை என்ற ஒரு வார்த்தையைத்தான் கடைசிவரை சொல்லவில்லை.

வெளியே வந்து பார்த்தால் மச்சினனும் மற்ற ஐந்து பேரும் இருந்த பெஞ்சு காலி. கூலிங்கிளாஸ் மட்டும் பெஞ்சில் கிடந்தது.

கூட்டம் கலையத் தலைவரம்மா விடவில்லை. குத்தகைக்காரருக்கு ஏக குஷி. "பாருங்க, போன் போட்டாச்சு. இனி வண்டி வரும், அணைக்கும், போகும்."

வண்டி வந்தது. மணியடித்துக்கொண்டு, செக்கச்செவேலென்று, வயிறு நிறையத் தண்ணீரோடு வந்தது. வந்த வேகத்தில் பள்ளிக்கூடத்து வாசலில் நிற்க, பெண்கள் பக்கத்திலிருந்து ஒரே சத்தம்: "ஏ, தண்ணி வண்டி வந்துருச்சு டோய்!"

அடுத்த கணம் வண்டியைச் சுற்றிப் பச்சை, மஞ்சள், நீலக் குடங்கள். தீயணைப்புக்காரர்கள் இறங்கக் கதவு திறக்க முடியவில்லை.

"யம்மா, இது தீயணைக்கிற தண்ணிம்மா!" என்றார் அவர்களின் தலைவர்.

"எங்க வயித்துலயும் தீதான்யா எரியுது. இதயும் சேத்து அணைங்க."

"ஊரே எரியுதுன்னு போன் பண்ணது யாரு?"

அத்தனை குடமும் என் பக்கம் திரும்பியது. நான் மலையைக் காட்டினேன். அவர் நிமிர்ந்து மலையைப் பார்த்தார், பிறகு வண்டியின் சக்கரத்தைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"ஏங்க, இது வண்டியா, மலையேற வரையாடா? ஓடையத் தாண்டிப் போகாதுங்க. எங்ககிட்டயும் ஆள் கம்மி. ரெண்டு ஆள் வேலைய ஒருத்தன் பாக்குறான். மலைத் தீன்னா மலையில இருக்கவன்தான் அடிக்கணும்."

குத்தகைக்காரர் தொண்டையைச் செருமினார். அப்போதுதான் யாரோ சொன்னார்கள், புகை இருந்த இடத்துக்கு நேர் கீழே அவர் குத்தகைத் தோப்பு என்று. காய் இறங்குகிற மாசம். மனுஷன் முகம் மோர் கொட்டிய ஆம்ப்ளிஃபயர் மாதிரி ஆகிவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடைக்கரைக்கு ஓடினார். ஊரும் பின்னால் ஓடியது. குடங்கள் மட்டும் வண்டியோடு நின்றன.

கரையிலிருந்து பார்க்க ஆறு புள்ளிகள் தெரிந்தன. வரிசையாக நின்று கொப்பால் அடித்துக்கொண்டே இறங்கினார்கள். ஒரு பக்கம் அணைந்தால் இன்னொரு பக்கம் புல் பிடித்தது. உடனே ரெண்டு புள்ளி பிரிந்து அந்தப் பக்கம் ஓடின. ரெண்டே பேர் இருந்திருந்தால் எந்தப் பக்கம் ஓடுவார்கள் என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. குத்தகைக்காரர் மட்டும், "அந்தா, வலது பக்கம்! ஏலே அப்பு, வலது பக்கம்!" என்று தொண்டை கிழியக் கத்தினார். அங்கே கேட்கவா போகிறது? என் மைக்குக்குத்தான் மோர் அபிஷேகம் ஆகிவிட்டதே.

புகை வெளுத்து, மெலிந்து, நின்றது. முகமெல்லாம் கரியாக இறங்கி வந்த மச்சினனைக் கட்டிக்கொண்டு குத்தகைக்காரர் சொன்ன முதல் வார்த்தை: "ஆறு பேர் பத்தாதுப்பா."

மறுபடி கூடிய சபையில் தீர்மானத்துக்குக் கைதூக்காதவர் ஆட்டுக்காரப் பெரியவர் ஒருவர்தான். பெண்கள் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்கள்: சிவப்பு வண்டி வாரம் ரெண்டு தரம் வந்துபோக வேண்டும். தலைவரம்மா பெரும்பாடு பட்டு அதைக் 'குடிநீர் வசதி' என்று மாற்றி எழுதவைத்தார்.

பதில் வர மாதக்கணக்கில் ஆனது. அதுவரை என் வீட்டுக்காரி தம்பிக்கு நெஞ்சுச்சளிக் கஷாயம் காய்ச்சுவதை நிறுத்தவில்லை, மில்லுக்கே போகப்போகிறவன் மாதிரி. ஆறு பேரும் தொடரலாம் என்று வந்தது. கூலி விஷயம் பரிசீலனையில் இருக்கிறதாம்.

மாசி பிறந்து முதல் நாள், ஆறு பேரும் தூக்குச்சட்டியும் அரிவாளுமாகக் கடைக்கு முன்னால் போனார்கள். மச்சினன் நின்றான்.

"மாமா, பதினோரு மணி வாக்குல மேல லேசாப் புகை தெரியும். காப்பி போடுவோம். பதறிறாதீங்க."

"ஏலே, தீ காக்கப் போறவன் மலையில அடுப்பு மூட்டுவியா?"

"மூட்டமாட்டேன். சும்மா சொன்னேன். ஒங்க மூஞ்சி எப்படி மாறுதுன்னு இவங்களுக்குக் காட்டணும்ல" என்றான். பின்னால் நின்ற ஐந்து பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவனும் சிரித்தான், நெஞ்சில் ஒரு இழுப்பு இல்லாமல்.